வாட் கூட்டினா பக்தி கூடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பங்குனி உத்திரத்துக்கு முன்னாடி பேசியே ஆகணும்.

ஆலயத்துக்குச் சின்னதா ஒரு ஏ.எம். டிரான்ஸ்மிட்டர் வைக்கலாம்னு சொன்னதே ஒலி ஒளி பார்க்கிற தொண்டர்களாகிய நாங்கதான். அக்கம்பக்கத்துப் புகாருக்குப் பிறகு ஸ்பீக்கரைக் குறைச்சிட்டோம். படியேற முடியாத தாத்தா பாட்டிங்க கார் நிறுத்துற இடத்திலேயே உட்கார்ந்திருக்காங்க. தேவாரமும் மேளமும் அவங்க காதுல விழறதில்ல. "பேஸ்புக்ல நேரலை போகுதே" என்கிறீர்கள். அதைத் திறந்து கொடுக்கப் பேரன் வேணும். வானொலியைத் திருக அவங்களுக்கே தெரியும்.

ஆனா இப்போ வாட்சாப் குழுவுல வேற பேச்சு: "ஆன்லைன்ல 50 வாட் பெட்டி கிடைக்குது. வாங்கி, கோபுரத்துல கம்பி கட்டுங்க. தாமான் முழுக்கக் கேட்கும். பெர்மிட் எதுக்கு?"

இதை நாங்கள் எதிர்க்கிறோம்.

முதல்ல பெர்மிட். "லைசன்ஸ் வேண்டாம்"னு நீங்க அனுப்புற காணொளி அமெரிக்காவுல எடுத்தது. அங்கேயும் டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டத்துக்குப் போகிற சக்தி 0.1 வாட்தான். அன்டெனா, இணைப்புக் கம்பி, எர்த் கம்பி எல்லாம் சேர்த்து 3 மீட்டர்தான். நீங்க கேட்கிறது அதைப்போல 500 மடங்கு! நம்ம நாட்டுல 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டம் இருக்கு. ஒதுக்கீடு இல்லாம அலைவரிசையைப் பயன்படுத்துவது குற்றம். எம்.சி.எம்.சி.யிடம் எழுதிக் கேட்போம். கொடுத்தா செய்வோம். கொடுக்கலைன்னா பெட்டியைத் தொடமாட்டோம்.

அடுத்து, சக்தியைக் கூட்டினா எல்லாம் சரியாயிடும் என்கிற நினைப்பு. 1000 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீட்டர். அதில் கால் பங்கு உயரத்துக்கு அன்டெனா வைக்கணும்னாலே 75 மீட்டர். நாம வைக்க நினைப்பது 3 மீட்டர் கம்பி. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அடியில் ஒரு கம்பிச் சுருள். அதைக் கொஞ்சம் கொஞ்சமா திருகி, மீட்டர் முள் உச்சிக்கு வரும் இடத்தைப் பிடிக்கணும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் கூடாது, பிளாஸ்டிக்தான். கையை எடுத்து, தள்ளி நின்னு மறுபடியும் பார்க்கணும். ஏன்னா நம்ம உடம்பு பக்கத்துல இருந்தாலே டியூனிங் மாறும். எர்த் சரியில்லைன்னா இந்தப் பாடெல்லாம் வீண்.

சுருதி சேராத நாதஸ்வரத்தை ஓங்கி ஊதினா கச்சேரி ஆகுமா? சரியா அமைக்காத 50 வாட் பெட்டியை 800-ல வச்சா 1600-லயும் கத்தும். தவில் சத்தம் அளவுக்கு மீறி உள்ளே போனா பக்கத்து நிலையங்கள் மேலயும் கரகரக்கும். அப்புறம் வர்ற புகார் ஸ்பீக்கர் புகார் மாதிரி பேசித் தீர்க்கிற புகாரா இருக்காது. கெட்டுப்போவது ஆலயத்தின் பேர்.

கோபுரத்துல கம்பி கட்டுற யோசனை? குடமுழுக்கு கண்ட கோபுரம் அன்டெனா கம்பம் இல்லீங்க. இடிமின்னல் ஓயாத ஊர்ல, உயரத்துல கட்டின கம்பியின் மறுமுனை நம்ம பிள்ளைங்க உட்காருகிற ஒலி அறையில் இருக்கும். நினைச்சுப் பாருங்க.

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். நம்ம பகுதியில் மத்திய அலை நிலையங்கள் 531 முதல் 1602 வரை, 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமையும். பகலில் காலியா இருக்கிற இடத்தில் இரவில் வெளிநாட்டு நிலையம் வந்து உட்காரும். அதனால பழைய வானொலி வச்சிருக்கிறவங்க பகல், இரவு ரெண்டு வேளையும் கேட்டு, எது காலின்னு குறிச்சுக் கொடுங்க. விண்ணப்பத்தோட இணைப்போம்.

வர்ற கூட்டத்துல 50 வாட் பேச்சு எழுந்தா எங்க கை தூக்காது. தாமான் முழுக்கக் கேட்கணும்னு யாரும் அழல. கார்ல உட்கார்ந்திருக்கிற பாட்டிக்குக் கேட்டா போதும்.

முருகா சரணம்.