பால்வெட்டுக்குச் சான்றிதழ் இல்லை... நம் பிள்ளைகளுக்குமா?



தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டு தவறாமல் எழுதப்படும் கட்டுரை ஒன்று உண்டு. தலைப்பு ‘என் இலட்சியம்’. முப்பது மாணவர்கள் எழுதினால் பாதிப்பேர் மருத்துவர் ஆவார்கள். மீதிப்பேர் வழக்கறிஞர், ஆசிரியர், விமானி. மருத்துவர் ஆகிறவர்கள் அனைவரும் தவறாமல் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் செய்வார்கள்!

‘நான் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர் ஆவேன்’ என்று ஒரு மாணவன் எழுதினால் என்ன நடக்கும்? “இதெல்லாம் ஓர் இலட்சியமா? வேறு எழுது” என்போம். வீட்டுக்குப் போனால் அம்மாவும் அதையேதான் சொல்வார்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தி அன்று இது. கெடா மாநிலத்தில் வாழும் நமக்கு இது ஒரு தலைமுறையின் பிழைப்பு.

பக்கத்து ஊரில் நடப்பது என்ன?

மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-ஆம் ஆண்டு நம் கூலிமில்தான் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் இன்பினியோன் நிறுவனம் 2006 முதல் அங்கே மின்னணுச் சில்லுகளைச் செய்து வருகிறது. மின்கார்களுக்கும் சூரிய ஆற்றல் கருவிகளுக்கும் வேண்டிய சிலிக்கன் கார்பைடு சில்லுகளுக்கான புதிய ஆலையின் முதற்கட்டத்தை அது 2024 ஆகஸ்டில் திறந்தது. அதே ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரியா நாட்டு நிறுவனம் ஒன்றும் அங்கே ஆலை திறந்தது. லூனாசும் பாடாங் செராயும் கூப்பிடு தூரத்தில் உள்ளன.

நம் பிள்ளைகள் அங்கே போகவில்லையா? போகிறார்கள். எஸ்.பி.எம். முடித்தோ முடிக்காமலோ, கையில் எந்தத் திறன் சான்றிதழும் இல்லாமல் போகிறார்கள். முகவர் ஏற்றிவிடும் பேருந்தில் ஏறி உற்பத்தி வரிசையில் நிற்கிறார்கள். இல்லையேல் வாயிற்காவல், இல்லையேல் லோரி உதவியாள். இயந்திரத்தின் முன் நின்று பொத்தானை அழுத்துகிறவனுக்கும் அது நின்றுபோனால் திறந்து சரிசெய்கிறவனுக்கும் இடையில் இருப்பது சில ஆண்டுப் பயிற்சியும் ஒரு சான்றிதழும். சம்பளத்திலும் மதிப்பிலும் அந்த இடைவெளி வாழ்நாள் முழுதும் நீள்கிறது.

“மறுபடியும் கூலி வேலைக்கா?”

இப்படிப் பேசினால் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தில் கையால் உழைத்தவனுக்குக் கிடைத்த அவமதிப்பைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ‘என் பிள்ளை மேசை முன் அமரட்டும்’ என்ற ஏக்கம் அங்கே பிறந்தது.

ஆனால், சற்றே எண்ணிப் பாருங்கள். பால்வெட்டு எளிய வேலையா? இருள் விலகுமுன் மரத்தடியில் நின்று, பட்டையைச் சரியான சாய்வில், சரியான ஆழத்தில் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் இறங்காது. கூடினால் மரம் காயப்படும். அது திறன்! நம் பாட்டன் பாட்டிகளிடம் இருந்த பெருந்திறன். அதற்கு ஒருவரும் தாள் தரவில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும், தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றபோதும், நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் ‘திறனற்ற தொழிலாளி’ என்ற பெயரோடு சுங்கைப்பட்டாணிக்கும் பீடோங்குக்கும் வெளியேறினார்.

ஆகவே, உழைத்த கை நம்மைத் தாழ்த்தவில்லை. கையின் திறனுக்குச் சான்று இல்லாமற் போனதே நம்மைத் தாழ்த்தியது. இன்று சான்று இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் உண்டு. நான்காம் நிலை பட்டயம், ஐந்தாம் நிலை உயர்பட்டயம். 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இவற்றுக்கு அடிப்படை. இதை வேண்டா என்று தள்ளுகிறவர் பிள்ளையைக் கூலி வேலையிலிருந்து காப்பாற்றவில்லை, அதற்கே அனுப்பிவைக்கிறார்.

மேசை வேலை மட்டும் நிலையானதா?

மருத்துவத்தையே எடுத்துக்கொள்வோம். 2016 இறுதியிலிருந்து இளம் மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டார்கள். 2021 ஜூலை 26-ஆம் நாள், பெருந்தொற்றின் நடுவே, ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். மருத்துவம் படிக்க வேண்டா என்று நான் சொல்லவில்லை. தகுதியும் விருப்பமும் உள்ள பிள்ளை கட்டாயம் படிக்கட்டும். ‘அது ஒன்றே இலட்சியம், மற்றவை தோல்வி’ என்று வகுப்பில் உள்ள மற்ற இருபத்தைந்து பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்கிறோமே, அதுதான் கொடுமை.

‘தொடக்கப்பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று சக ஆசிரியர்கள் கேட்கலாம். தொழிற்கல்லூரிக்கான வாயில் மூன்றாம் படிவத்தின் முடிவிலேயே திறக்கிறது. நம் பள்ளியை விட்டுப் போன மூன்று நான்கு ஆண்டுகளில் பிள்ளை அந்த வாயிலில் நிற்கும். அதன் பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டால் எப்படி நுழையும்?

நாம் செய்யக்கூடியவை

1. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடவேளையைக் கணிதத்துக்கும் மொழிக்கும் கடன் கொடுப்பதை நிறுத்துவோம். யு.பி.எஸ்.ஆர். 2021-இல் எடுக்கப்பட்டது, தேர்வுப் புத்தி மட்டும் நம்மை விடவில்லை.

2. தொழில் விளக்க நாளுக்கு மருத்துவரை அழைப்பதுபோல், மின்னியலாளரையும், பற்றவைப்பாளரையும், ஆலைத் தொழில்நுட்பரையும் அழைப்போம். அவர்களுக்கும் அதே மாலையைப் போடுவோம்.

3. ஆறாம் ஆண்டுப் பெற்றோரை ஒருநாள் கூலிமுக்கு அழைத்துச் செல்வோம். பலதொழில்நுட்பக் கல்லூரியும் அங்கே இருக்கிறது. கண்ணால் பார்த்தால் பாதி அச்சம் விலகும்.

4. ‘படிப்பு ஏறாதவனுக்குத்தான் தொழிற்பயிற்சி’ என்ற சொல்லை ஆசிரியர் அறையிலிருந்தே விரட்டுவோம். அளவை, கோணம், மின்னோட்டம் அறியாதவன் எந்த இயந்திரத்தையும் தொட முடியாது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பழைய வானொலியைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தால் அடிக்கக் கை ஓங்காதீர்கள். அதைத் திரும்பப் பூட்டத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சிந்திப்போம்... செயல்படுவோம்!