காங்கிரீட் குடியிருப்புகள்: அழகா, அவலட்சணமா?

அழகு என்னுஞ் சொல்லைப்போல எளிதில் வழங்கப்படுவதும் அரிதில் விளக்கப்படுவதும் வேறொன்றில்லை. ஒருவர் கண்ணுக்கு இனிதாயிருப்பது மற்றொருவர் கண்ணை உறுத்துதல் உலகியற்கை. ஓவியத்தைப் பற்றிய அபிப்பிராய பேதமாயின் அதனால் எவர்க்குந் தீங்கில்லை. பிடியாதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். வீட்டைப் பற்றிய பேதமோ அத்தகையதன்று. "இஃது அவலட்சணம்" என்று பலருஞ் சொல்லத் தொடங்கிய வீடு சில ஆண்டுகளில் இடிபடுவதும், அதில் வாழ்ந்தவர் வேறிடந் தேடிப் போவதும் நிகழ்ந்திருக்கின்றன. ஆதலின், இங்கிலாந்து தேசத்தில் இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் எழுந்த காங்கிரீட் குடியிருப்புகளைக் குறித்து இன்றளவும் நடந்துவரும் வாதத்தை வெறும் ரசனை வாதமென்று தள்ளிவிடலாகாது.

இக்கட்டடங்களின் பாணிக்குப் "புரூட்டலிசம்" என்று பெயர். பெயரைக் கேட்டவுடன் மிருகத்தனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பலர்க்கு நினைவில் வருகின்றது. வழக்கில் பாதி அங்கேயே தோற்றுப்போகின்றது. அப்பெயருக்கு ஆதாரமாயுள்ளவற்றுள் முக்கியமானது "பெத்தோன் புரூத்" என்னும் பிரெஞ்சுத் தொடராகும். பூச்சின்றி விடப்பட்ட காங்கிரீட் என்பது அதன் பொருள். யுத்தத்தின் பின் இரும்புக்குப் பஞ்சம் நிலவிய காலத்தில், லெ கொர்புசியே என்னும் கட்டடச் சிற்பி பிரான்சு தேசத்து மார்செய் நகரில் 337 வீடுகளைக்கொண்ட ஒரு பெருங்கட்டடத்தை எழுப்பினார். 1952ஆம் ஆண்டில் முடிவுற்ற அதன் சுவர்களில், காங்கிரீட்டை வார்த்த மரப்பலகைகளின் ரேகைகள் அப்படியே விடப்பட்டிருந்தன. ஊரார் அதனைப் "பித்தன் வீடு" என்று பரிகசித்தனர். 2016ஆம் ஆண்டில் அதே வீடு, அச்சிற்பியின் வேறு சில கட்டடங்களோடு, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கிலாந்தில் ஸ்மித்சன் தம்பதியர் முதலியோர் இக்கொள்கையை மேற்கொண்டனர். ரெய்னர் பான்ஹாம் என்னும் விமரிசகர் 1955ஆம் ஆண்டில் வரைந்த கட்டுரை அதன் பெயரை நிலைபெறச் செய்தது.

இவற்றை அவலட்சணமென்போர் கூறும் நியாயங்கள் அற்பமானவையல்ல. இங்கிலாந்தின் வானமே பெரும்பாலும் சாம்பல் நிறமானது. அதன் கீழ்ச் சாம்பல் நிறச் சுவரை மலைபோல் எழுப்பினால் மனத்திற்கு உற்சாகம் எங்ஙனம் வரும்? மழைநீர் வழிந்த கறைகள் அச்சுவர்களில் கண்ணீர்க்கோடுகள்போல் நிலைத்துவிடுகின்றன. நூற்றுக்கணக்கான சாளரங்கள் ஒரே அளவாய் நிற்க, தன் வீடு எதுவென்று குழந்தை சுட்டிக்காட்டவும் இயலாது. காரை பூசி வெள்ளையடித்தாலன்றி வீடு முடிந்ததாகக் கொள்ளாத நம்மவர் கண்ணுக்கும் அவை அரைகுறை வேலையாகவே தோன்றும்.

அழகென்போர் கூறுவதும் கேட்கத்தக்கதே. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. எந்தத் தூண் பாரத்தைத் தாங்குகின்றது, எந்த உத்தரம் எதன்மேல் நிற்கின்றது என்பதை இக்கட்டடங்கள் மறைப்பதில்லை. பொய்த் தூண்களும் ஒட்டுவேலைப் பூக்களும் இவற்றில் இல்லை. மேலும், இவற்றில் முதன்முதல் குடியேறியவர் எங்கிருந்து வந்தனர் என்பதையும் நினைத்தல் வேண்டும். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பெற்ற பழைய வீடுகளில், காற்றும் வெளிச்சமுமின்றி, முற்றத்துக் கழிப்பறையைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தவர் அவருட் பலர். வீட்டிற்குள்ளேயே குளியலறையும், சாளரத்தைத் திறந்தால் வானமும் பெற்ற அவர்க்கு, சுவரின் நிறம் பெரிய விஷயமாய்த் தோன்றியிராது.

வாதங்களை விடுத்து மெய்யான கட்டடங்களை நோக்குவோம். ஷெபீல்டு நகரத்துப் பார்க் ஹில் குடியிருப்பு 1957 முதல் 1961 வரை கட்டப்பட்டது. லூயிஸ் வொமெர்ஸ்லி என்பவர் அந்நகரசபையின் தலைமைச் சிற்பியாயிருக்க, ஜாக் லின், ஐவர் ஸ்மித் என்னும் இளைஞர் இருவர் அதனை வகுத்தனர். குன்றின் சரிவில் நிற்கும் அக்கட்டடத்தின் கூரை ஒரே மட்டமாய்ச் செல்ல, மேட்டில் நான்கு மாடிகளாயிருப்பது பள்ளத்தில் பதின்மூன்று மாடிகளாகின்றது. பால் வண்டி ஓடத்தக்க அகலமான தாழ்வாரங்கள் வானத்துத் தெருக்களாய் அமைக்கப்பட்டன. இடிக்கப்பட்ட பழைய தெருக்களின் பெயர்களையே அவற்றிற்கு இட்டு, பழைய அண்டை வீட்டாரை மீண்டும் அண்டை வீட்டாராகவே குடிவைக்க முயன்றனர். முரட்டுச் சுவருக்குள்ளே இத்தகைய மென்மையான எண்ணம் இருந்தது. ஆயினும், நகரத்தின் எஃகுத் தொழில் நலிந்து, பராமரிப்பும் குன்றிய பின்னர் அவ்விடம் கெட்ட பெயரெடுத்தது. 1998ஆம் ஆண்டில் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமென அறிவிக்கப்பெற்றது. பின்னர் ஒரு தனியார் நிறுவனம் காங்கிரீட் கூட்டை நிறுத்திக்கொண்டு, செங்கற்களை அகற்றி வண்ணத் தகடுகளைப் பதித்துப் புதுப்பித்தது. 2013ஆம் ஆண்டில் அவ்வேலை இங்கிலாந்தின் சிறந்த கட்டடத்திற்குரிய ஸ்டர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது.

அதே வொமெர்ஸ்லியின் கூட்டு நிறுவனம் மான்செஸ்டர் நகரத்து ஹல்ம் பகுதியில் நான்கு பிறைவடிவக் கட்டடங்களை வகுத்தது. பாத் நகரத்துப் புகழ்பெற்ற பிறைவடிவ மாளிகைகளை நினைவூட்டும்படி எண்ணப்பட்ட அவை 1972ஆம் ஆண்டில் முடிந்தன. 1974ஆம் ஆண்டில் ஒரு குழந்தை மாடித் தாழ்வாரத்தினின்று விழுந்து இறந்தது. எண்ணெய் விலையேற்றத்தின் பின், தரையைச் சூடாக்கும் மின்சார ஏற்பாட்டிற்குப் பணங்கட்ட ஏழைகளால் இயலவில்லை. குழாய்ப் பாதைகளின் வழியே பூச்சிகள் வீட்டுக்கு வீடு பரவின. 1990களில் அவை தரைமட்டமாக்கப்பட்டன. பார்க் ஹில்லைப் புகழ்வோர் ஹல்மை மறத்தல் நேர்மையன்று. குழந்தை விழும் தாழ்வாரத்தை எத்தகைய தத்துவமும் அழகாக்காது.

இனி இலண்டன் நகரத்து இரண்டு கட்டடங்களைக் காண்போம். எர்னோ கோல்ட்பிங்கர் வகுத்த 31 மாடி டிரெல்லிக் கோபுரம் 1972ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. காவலின்றி விடப்பட்டமையால் சில ஆண்டுகளிலேயே அது மக்கள் அஞ்சும் இடமாயிற்று. 1984ஆம் ஆண்டில் குடியிருப்போர் சங்கமொன்று தோன்றிற்று. வாயிற் கதவுக்குக் காப்பும், வருவோர் போவோரைக் கவனிக்க ஆளும் ஏற்பட்டன. கோபுரத்தின் பெயர் மெல்ல மாறிற்று. ஜனங்கள் அதில் வீடு கிடைக்குமாவென்று கேட்கத் தொடங்கினர். அதற்கிடையே காங்கிரீட்டின் நிறம் மாறிவிடவில்லை. பார்பிக்கன் குடியிருப்போ தொடக்கமுதல் வசதியுள்ளவர்க்கென்று கட்டப்பட்டது. அதன் காங்கிரீட்டைத் தொழிலாளர் கையால் கொத்திக் கரடுமுரடாக்கினர். 2003ஆம் ஆண்டில் எடுத்த வாக்கெடுப்பொன்றில் இலண்டனிலேயே மிக அவலட்சணமானதென்று அது தெரிந்தெடுக்கப்பட்டது. அதற்காக எவரும் அதனை இடிக்க முற்படவில்லை. அங்கு வாழ்வோர் பெட்டி கட்டவுமில்லை. அவர்களிடம் பணமிருந்தது, கட்டடத்திற்குப் பராமரிப்பு இருந்தது.

இவ்விடத்தில்தான் வழக்கின் உண்மையான உயிர்நிலை வெளிப்படுகின்றது. ஏழை வாழும் காங்கிரீட் அவலட்சணம், செல்வன் வாழும் காங்கிரீட் அழகு என்னும் தீர்ப்பு வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை; செயலில் நடந்துவருகின்றது. ஸ்மித்சன் தம்பதியர் கிழக்கு இலண்டனில் 213 வீடுகளோடு வகுத்த ராபின் ஹூட் கார்டன்ஸ் 1972ஆம் ஆண்டில் முடிந்தது. அதனைப் பாதுகாக்க வேண்டுமென்று உலகப் புகழ்பெற்ற சிற்பிகள் வேண்டியும் அரசாங்கம் இணங்கவில்லை. 2017ஆம் ஆண்டில் இடிப்பு வேலை தொடங்கியபோது, விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலை அதன் மூன்றடுக்குத் துண்டொன்றை வாங்கி, மறு ஆண்டில் வெனிஸ் நகரத்துக் கண்காட்சியில் வைத்தது. வீடாய் நிற்கத் தகாதது காட்சிப்பொருளாய் நிற்கத் தகுமாம்! கோல்ட்பிங்கரின் மற்றொரு கோபுரமாகிய பால்ப்ரன், இடிபடாமல் காப்பாற்றப்பட்டது. எனினும் புதுப்பிக்கும்பொருட்டு வெளியேற்றப்பட்ட பழைய குடிகளுக்கு அது திரும்பக் கொடுக்கப்படவில்லை. முன்னதில் அவலட்சணமென்ற பெயரால் குடிகள் போயினர். பின்னதில் அழகென்ற பெயரால் போயினர். போனவர்க்கு இரண்டும் ஒன்றே.

ஆகவே எமது துணிபு இதுவாகும். இக்குடியிருப்புகளிற் சில மெய்யாகவே அழகியவை. குன்றின்மேல் நீண்டு கிடக்கும் பார்க் ஹில்லின் நேர்கோட்டிற்கு ஒரு கம்பீரம் உண்டு. சில வகுத்தபோதே பிழைபட்டவை. ஆனால் அவலட்சணமென்று நாம் கண்டு முகஞ்சுளிப்பவற்றுட் பெரும்பகுதி, சிற்பி வார்த்ததன்று; கழுவாத படிக்கட்டும், பழுதான லிப்டும், எரியாத விளக்கும், மாற்றாத கண்ணாடியும் சேர்ந்து உண்டாக்கியது. அதற்குப் பொறுப்பாளி காங்கிரீட்டு அல்லன்; பராமரிக்கக் கடமைப்பட்டும் பராமரியாத மனிதன்.

நம் கல்லூரியினின்று வெளியேறும் மாணவர் பலர் நாளை பொறியாளராகவும் அதிகாரிகளாகவும் நகரசபை உறுப்பினராகவும் அமரக்கூடும். ஏழைகளின் குடியிருப்பொன்றை இடிப்பதா, காப்பதா என்னும் காகிதம் அவர் மேசைக்கு வரும் நாளும் வரலாம். அன்று, வீதியில் நின்று பார்த்தவன் சொல்லை மட்டும் கேளாமல், படியேறிச் சென்று கதவைத் தட்டி, உள்ளே வாழ்பவரையும் ஒரு வார்த்தை கேட்பாராக. கோல்ட்பிங்கர் தாம் கட்டிய பால்ப்ரன் கோபுரத்தின் உச்சியில் 1968ஆம் ஆண்டில் இரண்டு மாத காலம் மனைவியோடு வாழ்ந்து, குடிகளின் குறைகளைக் கேட்டறிந்தார். வீட்டின் அழகைத் தீர்மானிக்க விரும்புவோர்க்கு அதனினும் நல்ல உரைகல்லை யாம் அறியோம்.