பெய்யும் மழையும் ஓடும் நீரும்

பெய்த மழை முழுதும் வடிகாலுக்கு வருவதில்லை என்பதை யாவரும் அறிவர். மண் குடிப்பது ஒரு பங்கு, இலையும் புல்லும் தாங்குவது ஒரு பங்கு, பள்ளங்களில் தேங்குவது ஒரு பங்கு, எஞ்சியதே ஓடுநீர். அஃது எவ்வளவென்று முன்னரே கணித்தாலன்றி வாய்க்காலையும் மதகையும் அளவறிந்து கட்டுதல் இயலாது. இதன்பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டு மண் பாதுகாப்பு இலாகாவினர் 1954-ம் வருஷத்தையொட்டி வகுத்த முறை இன்றும் பெருவழக்காயுள்ளது. மழையையும் ஓடுநீரையும் பொருத்தி வரைந்த வளைகோடுகளுக்கு இட்ட எண்ணைக்கொண்டு கணிப்பதால், வளைகோட்டெண் முறை எனப் பெயர்பெற்றது. சிறு வேளாண் நிலங்களுக்கென எழுந்த இம்முறையை நகரங்களுக்கும் ஏற்புடைத்தாக்கிய கைந்நூலொன்று 1975-ல் வெளிவந்தது.

முறை எளிது. நீர் உட்புகும் விரைவுபற்றி மண்ணை ஏ, பி, சி, டி என நால்வகைப்படுத்தி, அதன் மேற்போர்வையையும் நோக்கி, அட்டவணையினின்று நூற்றுக்கு மேற்படாத ஓர் எண்ணை எடுப்பர். எண் உயர உயர ஓடுநீர் மிகும். பி வகை மண்ணில் செழித்த புல்வெளிக்கு எண் 61, தார்த்தளத்துக்கு 98. மழை 100 மில்லிமீட்டராயின் முன்னதில் ஓடுவது ஏறக்குறைய 20 மில்லிமீட்டர்; பின்னதில் 94. புல்வெளியைத் தளமாக்குவோர் தம் நீரை அயலார் வாசலுக்கு அனுப்புகின்றனர் என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ?

ஆயினும் அவ்வெளிமையே அபாயமென்பது எம் அபிப்பிராயம். அப்புல்வெளிக்கு மழையளவைப் பத்தில் ஒரு பங்கு மிகுத்துக் கொண்டால் விடை 25 மில்லிமீட்டர். எண்ணை அவ்வாறே மிகுத்து 67 என்றாலோ 28. இங்ஙனமிருக்க, மழையளவைப்பற்றி நாட்கணக்காய் வாதிப்போர் எண்ணை ஒரு நொடியில் எடுத்துவிடுகின்றனர்!

புதுக் குடியிருப்புக்களில் இதன் தீங்கு பெரிது. மண் வரைபடம் பி என்றே சொல்லும். ஆனால் கனத்த இயந்திரங்கள் மேல்மண்ணை வழித்தெடுத்து அடிமண்ணை இறுக்கிவிட்டபின், அதன்மேல் விரித்த புல் பச்சையாய்த் தோன்றினும் கீழுள்ளது பழைய மண்ணன்று. அது சி வகையின் நிலையை அடைந்திருப்பின் எண் 74. ஓடுநீர் 39 மில்லிமீட்டர். 61 என்று கணக்கிட்டுக் கட்டிய வடிகாலுக்கு ஏறத்தாழ இருமடங்கு நீர் வரும். அந்நீர் புகுவது கணக்கிட்டவர் வீட்டிலன்று, தாழ்ந்த இடத்தில் குடியிருப்போர் வீட்டில்.

ஓட்டம் தொடங்குமுன் நிலம் தன் கொள்திறத்தில் ஐந்திலொரு பங்கை விழுங்குமென்பது இம்முறையின் மற்றொரு துணிபு. அளந்த மழைகளை ஆராய்ந்த பிற்காலத்தார் சிலர் இருபதிலொரு பங்கே பொருந்துமென்பர். அதுவும் விசாரிக்கத்தக்கதே, எனினும் முதற்கண் வேண்டுவது வேறு. இத்துறை பயிலும் மாணாக்கர் மண்வெட்டியுடன் அந்நிலத்துக்குச் சென்று, தோண்டி, நீர் வார்த்து, அது இறங்கும் விரைவைப் பார்த்தபின்னரே அட்டவணையைத் திறப்பாராக. கண்டதை, கண்ட தேதியோடு, எண்ணின் பக்கத்திலேயே எழுதியும் வைப்பாராக.