கடைசி ஸ்டேஷன்... எல்லாரும் இறங்குங்க!

புதுச்சேரி சுப்பையா சாலைக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள், இருதய ஆண்டவர் ஆலயத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். பக்கத்திலேயே இருக்கும் ரயில் நிலையத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால், இரண்டில் மூத்தது ஸ்டேஷன்தான். ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது 1907-ல். ரயில் வந்தது 1879-ல்!

விழுப்புரத்திலிருந்து சுமார் 38 கிலோமீட்டர். அன்று அது மீட்டர்கேஜ் பாதை. தென்னாற்காட்டு நிலக்கடலை மூட்டை மூட்டையாக இங்கே வந்து, கப்பலேறி பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக்குப் போனது. முதலியார்பேட்டை மில்லுக்கு வேலைக்குப் போனவர்களுக்கு ரயில் சத்தமும் சங்குச் சத்தமும்தான் கடிகாரம். இன்று மில் மூடிக் கிடக்கிறது. ஆனாலும், 'ஏ.எஃப்.டி. கேட்' என்ற பெயர் மட்டும் நம் வாயை விட்டுப் போகவில்லை.

இந்தச் சின்னப் பாதைக்கு ஒரு பெரிய விசேஷம் உண்டு. வில்லியனூர் வரை பிரெஞ்சு ஆட்சி. அதைத் தாண்டிச் சின்னபாபுசமுத்திரம் போனால் பிரிட்டிஷ் ஆட்சி! ஒரே தமிழ், ஒரே சொந்தபந்தம், நடுவில் மட்டும் இரண்டு வல்லரசுகளின் எல்லை. மூட்டை முடிச்சைப் பிரித்துக் காட்டச் சொல்லும் சுங்கச் சோதனை வேறு.

அந்த எல்லைதான் பாரதியைக் காப்பாற்றியது. 1908-ல் இங்கே வந்தவர், பத்து வருடம் தங்கினார். 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கைதானார். கடலூர் சிறைக்குத்தான் போனார்.

1954 நவம்பர் 1-ம் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. எல்லைச் சோதனை போயிற்று. பிறகு மீட்டர்கேஜும் போய், அகலப் பாதை வந்தது. ஆனால், ஒன்று மட்டும் மாறவில்லை. அன்றும் இன்றும் இந்தப் பாதை இங்கேயே முடிந்துவிடுகிறது. ரயிலில் சென்னைக்குப் போக வேண்டுமானால், முதலில் மேற்கே விழுப்புரம் போய்த்தான் வடக்கே திரும்ப வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறியவருக்கு இந்தச் சுற்று இல்லை. கடலோர ரயில் பாதை பற்றிப் பல வருடங்களாகப் பேச்சு நடக்கிறது. பேச்சில் தண்டவாளம் போட முடியுமா?

பஸ்ஸைவிடக் குறைந்த கட்டணத்தில் தினமும் வேலைக்கும் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்து போகிற கிராமத்து மக்களுக்கு இந்த ரயில்தான் கைகொடுக்கிறது. நாம் ஏறினால்தான் கூடுதல் ரயில் கேட்கவும் நமக்கு வாய் இருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சின்னபாபுசமுத்திரம் வரை ஒரு டிக்கெட் எடுங்கள். வில்லியனூர் தாண்டியதும் ஜன்னலைக் காட்டிச் சொல்லுங்கள்: "ஒரு காலத்தில் இங்கே வேற நாடு தொடங்கிச்சு!" வெளியே நெல்வயலும் தென்னையும் எப்போதும்போல ஓடிக்கொண்டிருக்கும். எல்லை எங்கே என்று பிள்ளைகள் தேடுவார்கள். தேடட்டும்!