நூல் அறிமுகம்: மாடிக்கு ஏறாத சிறுமி

சித்திரக்கதை சிறுவருக்கே உரியது என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட சித்திரக்கதையோ பெற்றோரும் படிக்கத் தக்கது. ஜோ கெல்லி எழுத, கென் நீமுரா சித்திரம் தீட்டிய 'ஐ கில் ஜயன்ட்ஸ்', அமெரிக்காவில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஏழு இதழ்களாக வெளிவந்து, பின்னர் ஒரே நூலாயிற்று.

கதைத் தலைவி பார்பரா, ஐந்தாம் வகுப்பு மாணவி. அரக்கர்கள் வருகிறார்கள், அவர்களைக் கொல்லும் சம்மட்டி தன் கைப்பையில் உறங்குகிறது என்பது அவள் நம்பிக்கை. சம்மட்டியின் பெயர் கோவலெஸ்கி. 1908இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் என்னும் பேஸ்பால் அணியை ஐந்தே நாட்களில் மூன்று முறை வீழ்த்திய பந்தெறியாளரின் பெயர் அது.

பள்ளியில் அவளை ஏளனம் செய்கின்றனர். வீட்டையோ தமக்கை தாங்குகிறாள். பார்பரா மாடிக்கு மட்டும் ஏறுவதில்லை. அங்கே தாய் மரணப்படுக்கையில் கிடக்கிறாள் என்பதை நூலாசிரியர் வெகுநேரம் மறைத்தே வைக்கிறார். இறுதியில் பேரரக்கனோடு பொருத பின்னரே, மரணத்தைச் சம்மட்டியால் தடுக்கவியலாது என்று உணர்ந்து, தாயின் அருகே செல்கிறாள்.

ஊரிலிருந்து நோய்ச் செய்தி வந்தால், குழந்தைகள் அறியலாகாதென்று நாம் தாழ்ந்த குரலில் பேசுகிறோம். அறியாத அச்சத்துக்குக் குழந்தை தானே உருவம் கொடுத்துவிடுகிறது. அவ்வுருவம் உண்மையினும் பெரிது. அன்போடு அருகமர்த்தி உண்மையைச் சொல்லுதலே பெரியோர் கடன்.