எழுதியவனுக்கு வெறுங்கையா?

நெய்தவனுக்குத் துணியில்லை, விளைவித்தவனுக்கு நெல்லில்லை. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் நிரலைக் காண்டிராக்டில் எழுதும் தொழிலாளிக்கும் இன்று இதே கதிதான்!

நம் நாட்டின் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? வேறு உடன்பாடு இல்லையென்றால், சம்பளச் சிப்பந்தி எழுதியது முதலாளிக்கு. காண்டிராக்டில் எழுதியது எழுதியவனுக்கே. கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தாலன்றி அந்த உரிமை கைமாறாது என்கிறது 19-வது பிரிவு.

முதலாளி என்ன செய்கிறான்? வேலை துவங்குமுன்பே அந்தக் கையெழுத்தை வாங்கிவிடுகிறான்! நிரல் அவனுக்கு, தொழிலாளிக்குக் கூலி பாக்கி! நெல்லைக் களத்திலேயே அளந்துகொண்டு, "கூலிக்கு நாளை வா" என்னும் மிராசுதாருக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

முழுக்கூலி கைக்கு வந்த பிறகே உரிமை கைமாறும் என்று ஒப்பந்தத்தில் எழுது! இதுவே நம் கோரிக்கை. தனியே கேட்டால் வேலை போகும், சங்கமாய்க் கேட்போம்!