அடுத்த ஷிப்டுக்கு ஒரு வரி

(மின்னணுவியல் துறை, மூன்றாம் ஆண்டு)



நம் கம்ப்யூட்டர் லேபில் தீராத வழக்கு ஒன்று உண்டு. டர்போ சி போதுமா, புது கம்பைலர் வேண்டுமா? கேன்டீனில் டீ ஆறினாலும் இந்தச் சண்டை ஆறாது. அடுத்த சண்டை, புரோகிராமில் கமென்ட் எழுதுவது அவசியமா, வெட்டி வேலையா? இரண்டிலும் என் கருத்தை இந்த ஆண்டு மலரில் சொல்லிவிடுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த மலரில் பதில் எழுதுங்கள்!

முதலில் டர்போ சி++. போர்லண்ட் கம்பெனி 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சரக்கு இது. சி++ மொழிக்கு உலக அளவில் தர நிர்ணயம் வந்ததே 1998-ல்தான். அதாவது சட்டம் வருவதற்கு முன்பே கட்டிய வீடு! 64 பிட் விண்டோஸில் இது நேராக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற ஒன்றைப் போட்டு, அதற்குள் ஓட்ட வேண்டும். இதில் பழகியவர்கள் கிளியர் ஸ்கிரீன், கெட்ச், வாய்டு மெயின் என்று எழுதிப் பழகி, வெளியே இன்டர்வியூவில் ஜி.சி.சி. கம்பைலர் எர்ரர் காட்டும்போது முழிக்கிறார்கள்.

கெட்ஸ் என்ற ஃபங்ஷனைப் பாருங்கள். எத்தனை எழுத்து வந்தாலும் கணக்குப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளும். 1988 நவம்பரில் இன்டர்நெட்டைக் கலக்கிய மாரிஸ் வார்ம், கம்ப்யூட்டர்களுக்குள் நுழைய இந்த ஓட்டையையும் பயன்படுத்தியது. 2011-ல் வந்த சி தர நிர்ணயத்திலிருந்து அதை நீக்கியே விட்டார்கள். நாம் இன்னும் அதை ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறோம்!

"சிலபஸ் அதேதானே, ஃபார் லூப் எங்கே போனாலும் ஃபார் லூப்தானே" என்று சீனியர் அண்ணன்கள் சொல்றாங்க. அதில் நியாயம் இருக்கு. பழைய மெஷினிலும் ஓடுது, எஃப்9 அழுத்தினா வேலை முடிஞ்சுது. இன்னொரு லாபமும் உண்டு. டர்போ சி-யில் இன்ட் என்பது 16 பிட். 32767-உடன் ஒன்று கூட்டினால் மைனஸ் 32768 ஆகிவிடும். பி.எல்.சி.யிலும் சாதாரண இன்ட் இதே 16 பிட்தான். பீஸ் எண்ணும் கணக்கை அதில் கவனிக்காமல் விட்டால் ஒருநாள் மைனஸில் காட்டும். ஆகவே பழசைத் தெரிந்துகொள்வது தப்பில்லை. பழசு மட்டும்தான் தெரியும் என்பதுதான் தப்பு. ஜி.சி.சி. இலவசம், கோட் பிளாக்ஸ் இலவசம். எனவே என் ஓட்டு புதியதற்கே.

ஆனால் நண்பர்களே, எந்தக் கம்பைலர் என்பதைவிடப் பெரிய விஷயம் இரண்டாவது சண்டை. நம்மில் பாதிப் பேர் வேலைக்குப் போகப்போவது கண்ணாடி பில்டிங்குக்கு அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், திருவள்ளூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கும்தான். அங்கே நம் முன்னால் இருக்கப்போவது பி.எல்.சி.யும் லேடரும்.

லேடர் எப்படி வந்தது? 1968-ல் அமெரிக்காவில் டிக் மோர்லி குழுவினர் பி.எல்.சி.யை உருவாக்கினார்கள். 84-வது பிராஜெக்ட் என்பதால் அதற்கு மாடிகான் 084 என்று பெயர். ரிலே படம் பார்த்துப் பழகிய எலெக்ட்ரீஷியன்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே ஏணி மாதிரி படமாக வைத்தார்கள். ஆக, லேடர் பிறந்ததே இன்னொருத்தர் படிப்பதற்காக! அதை யாருக்கும் புரியாமல் எழுதுவது எந்த ஊர் திறமை?

ஸ்டாப் பட்டனையே எடுத்துக்கொள்வோம். அதை என்.சி.யாக வயர் பண்ண வேண்டும். ஒயர் அறுந்தாலும் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காக. பட்டனை அழுத்தாதபோது இன்புட்டில் சப்ளை இருக்கும். அதனால் லேடரில் அதை என்.ஓ. காண்டாக்டாகப் போடுகிறோம். காரணம் தெரியாதவருக்கு இது தலைகீழாகத் தெரியும். "தப்பா போட்டிருக்கான்" என்று லேடரை மாற்றினால் மெஷின் ஸ்டார்ட் ஆகாது. பிறகு பட்டனையும் என்.ஓ.வாக மாற்றுவார்கள். மெஷின் ஓடும், நன்றாகவே ஓடும்! என்றைக்கு அந்த ஒயர் அறுகிறதோ, அன்றைக்கு அழுத்தினாலும் நிற்காது. எமர்ஜென்சி ஸ்டாப் தனியாக இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். "ஸ்டாப் என்.சி. வயரிங், மாற்றாதே" என்று ஒரே ஒரு வரி இருந்தால் இந்த வம்பே இல்லை.

எங்க அப்பா பவர் பிரஸ்ஸில் காண்ட்ராக்ட் லேபர். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியதே நான்தான். பிரஸ்ஸுக்குள் கை விடுகிறவர் வீட்டிலிருந்து வந்தவனுக்கு அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

இன்பிளான்ட் டிரெய்னிங் போன ஓர் இடத்தில் நைட் ஷிப்டில் லைன் நின்றுபோச்சு. லேடரைத் திறந்தால் எம்100, எம்101, எம்102... ஒரு பெயர் இல்லை, ஒரு குறிப்பு இல்லை. எழுதினவர் வேற கம்பெனிக்குப் போயிட்டார். மெயின்டெனன்ஸ் அண்ணன் விடிய விடியத் தேடினார். கடைசியில் ஒரு கார்டு சென்சார்தான் காரணம். காண்ட்ராக்ட் ஆட்களை அன்றைக்குப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பாதி நாள் சம்பளம் போச்சு. கமென்ட் எழுதாதவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, பாருங்க!

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 37 நொடியளவில் தடம் புரண்டு சிதறியது. பெரிய எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணித்ததுதான் கோளாறு. ஆபத்தான ஏழு எண்களில் நான்குக்குப் பாதுகாப்பு போட்டார்கள், மூன்றுக்குப் போடவில்லை. ஏன் போடவில்லை என்ற காரணம் புரோகிராமுக்குள் எங்கும் எழுதப்படவில்லை என்று விசாரணைக் குழுவே சொன்னது.

"இங்கிலீஷ் வராது, அதான் கமென்ட் எழுதலை" என்று நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கும் அந்தக் கூச்சம் தெரியும். ஆனால் கமென்ட்டுக்கு கிராமர் தேவையில்லை. "கார்டு ஓபன், நோ ரன்" போதும். பக்கத்தில் நிற்கும் பீகார், ஒடிசா நண்பருக்கும் அது புரியும். "கேட்டால் ஏ.ஐ. எழுதித் தருமே" என்கிறார்கள். தரும். ஆனால் எம்100-இல் எந்த சென்சார், ஏன் மூன்று நொடி டைமர் என்பது ஷெட்டில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. பழைய பி.எல்.சி.க்கள் பலவற்றில் கமென்ட் உள்ளே தங்காது. கம்ப்யூட்டரில் இருக்கும் பிராஜெக்ட் ஃபைலோடு போய்விடும். அந்த லேப்டாப் போனால் எல்லாம் போச்சு. ஆகவே கமென்ட்டோடு ஒரு பிரின்ட் எடுத்து, பேனல் கதவுக்கு உள்ளே வைத்துவிடுங்கள். செலவு நாலு பேப்பர்.

நம் துறைக்கு என் வேண்டுகோள் இரண்டு. ரெக்கார்டில் அவுட்புட்டுக்கு மட்டுமின்றி, கமென்ட்டுக்கும் மார்க் வையுங்கள். வைவாவில் நம் புரோகிராமைப் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் கொடுத்து விளக்கச் சொல்லுங்கள். அவர் விளக்கினால் நமக்கு மார்க்!

கம்பைலர் மாறும், பி.எல்.சி. மாடல் மாறும். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு பேனலைத் திறப்பவர் மட்டும் என்றும் இருப்பார். அவர் நம் ஜூனியராக இருக்கலாம், நம் அண்ணனாக இருக்கலாம். அவருக்காக ஒரு வரி எழுதுவோம், நண்பர்களே!